இறங்கித் தள்ளிட்டுப் போங்க

ஐயோ, உங்க மேல எனக்கு என்ன கோவம் தம்பி? நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. ரோடு மூடியாச்சு, சைக்கிள்ல போகக் கூடாது, இறங்கித் தள்ளிட்டுப் போங்கம்மான்னு சொன்னீங்க. என் பொண்டாட்டி இறங்கிட்டா. முடிஞ்சுபோச்சு.

யாரு, ஒதெத்தா? கோவிச்சுக்கிட்டு போனாளாவா? சே சே. அவ நடையே அப்படித்தான். எங்க கல்யாணத்துல சர்ச்சுக்குள்ள வந்தப்பவும் இப்படித்தான் நடந்து வந்தா, பாதிரியார் ரெண்டடி பின்னால நகர்ந்துட்டாரு. அதோ அந்தத் தொழுவம் தெரியுது பாருங்க, அது அவ சித்தி மகன் கூசெத்தோட வீட்டுத் தொழுவம். அங்க உக்காந்து ஒரு காப்பி குடிச்சா சரியாயிடுவா. பொண்டாட்டி கோவம் புருஷனுக்குத்தான் ஆபத்து, போலீசுக்கு இல்ல. இப்படி நிழலுக்கு வாங்க. அந்தப் பக்கம் பாத்து நின்னா வெயிலு மூஞ்சில அடிக்கும். பந்தயத்துக்கு முன்னால வர்ற விளம்பர வண்டிங்க வரவே இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம்தான் சைக்கிள் ஓட்டற பசங்க வருவாங்க. அதுவரைக்கும் யாரைப் புடிக்கப்போறீங்க, மாட்டையா?

அவளுக்கு என்னதான் வேணுமாம்னு கேக்கறீங்க. பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. நாட்டையே சுத்தற இந்த டூர் சைக்கிள் பந்தயம் வர்ற அன்னைக்கு, ரோடு காலியா இருக்கறப்ப, ரெண்டு பக்கமும் ஜனங்க நிக்கறப்ப, இந்தக் கழுதைமுதுகுல ஒரு தடவை சைக்கிள்ல ஏறி உச்சிக்குப் போகணும். அவ்வளவுதான் ஆசை. இந்த மலைக்கு நாங்க கழுதைமுதுகுன்னுதான் சொல்லுவோம், மேப்புல வேற ஏதோ அழகான பேரு போட்டிருப்பாங்க. நேத்திக்கும் ஏறினா, பையில முட்டைகோஸ வெச்சுக்கிட்டு. நாளைக்கும் ஏறுவா. இன்னைக்கு மட்டும் கூடாதுங்கறீங்க. சட்டம். நான் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

நானா? அர்மான் வேசாத். தெரியலயா? உங்க அப்பாவக் கேட்டுப் பாருங்க. அவருக்கும் தெரியாது. உங்க தாத்தாவுக்கு சைக்கிள் பந்தயப் பைத்தியம் உண்டா? உண்டா! அப்ப சரி. அவருக்கும் என் பேரு தெரிஞ்சிருக்காது, ஆனா டிவி முன்னால உக்காந்து என்னைக் கண்டிப்பா திட்டியிருப்பாரு. மெத்தைக் கம்பெனி சட்டை போட்ட ஒருத்தன் முன்னால உக்காந்துக்கிட்டு வழியை அடைச்சுக்கிட்டிருக்கான் பாருன்னு. நான்தான் அது.

சிரிக்காதீங்க, அது ஒரு வேலை. சம்பளம் குடுத்து வெச்சிருந்தாங்க. சொல்றேன் கேளுங்க. எங்க டீமுக்குக் காசு போட்டது ஒரு மெத்தைக் கம்பெனி, தலைவன் லாம்பேர்னு ஒருத்தன். நல்லா ஓட்டுவான், புத்தி மட்டும் கோழிக்கு இருக்கறதுல பாதி. அவன் திடீர்னு மந்தையை விட்டுப் பிச்சுக்கிட்டு ஓடிடுவான். மந்தைன்னா கூட்டமா வர்ற நூத்துச்சொச்சம் பேரு, நாங்க அப்படித்தான் சொல்லுவோம். ஒருத்தன் ஓடிட்டா மத்தவனெல்லாம் சும்மா இருப்பானா? வரிசை கட்டித் துரத்துவான். மாத்தி மாத்தி ஒருத்தன் முன்னால போய் எதிர்க்காத்தை நெஞ்சுல வாங்கணும், மத்தவன் அவன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும். அந்த வரிசைலதான் நான் போய் நைசா நுழைஞ்சுடுவேன். நானும் துரத்தற மாதிரியே இருக்கும். மூச்சு வாங்குவேன், பல்லைக் கடிப்பேன், நாக்கைத் தொங்கப் போடுவேன். ஆனா என் முறை வந்தா ஒரு இம்மி வேகம் கொறையும். வளைவுல பிரேக்கை ஒரு முடி அளவு தொடுவேன். தண்ணி குடிப்பேன். பாட்டிலைக் கீழ விடுவேன். ஐயோ பாட்டில்னு திரும்பிப் பாப்பேன். பின்னால வர்ற அம்பது பேரும் பிரேக் போடுவான்.

திட்டுவாங்களாவா? என்ன கேள்வி. ஏழு பாஷைல திட்டுவாங்க. டேய் மெத்தை, தூங்கறதுன்னா ஓரமா போய்த் தூங்குடாம்பான். எனக்கு அதே பேரு நிலைச்சுப்போச்சு. ஒரு ஹாலந்துக்காரன், பனைமரம் மாதிரி இருப்பான், என் காதுகிட்ட வந்து அவன் பாஷைல நீட்டா ஒண்ணு சொன்னான். நான் ரொம்ப மரியாதையா, அண்ணே இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க, கத்துக்கறேன்னேன். அவனும் கோவத்துல ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுத்தான். அதுக்குள்ள லாம்பேர் ரெண்டு கிராமம் தாண்டிட்டான். ஸ்பெயின்காரங்க வந்தா வேற வழி. வீட்டைப் பத்திக் கேப்பேன். அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையா, தங்கச்சிக்கு வரன் அமைஞ்சுதான்னு. அவங்க நல்ல மனுஷங்க, அம்மான்னு சொன்னா பெடல் தானா நின்னுடும்.

ஊக்க மாத்திரை போட்டேனாவா? நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. மந்தையோட வேகத்தைக் கொறைக்க எவன் தம்பி மருந்து கண்டுபிடிச்சிருக்கான்? எனக்கு யாராவது குடுத்திருந்தா தூக்க மாத்திரைதான் குடுத்திருக்கணும்.

இந்தாங்க, ஒரு துண்டு சாப்பிடுங்க. பன்னிக்கறி சாசேஜ்தான், நம்ம ஊரு. கத்தி இருக்கு. டியூட்டியில குடிக்கத்தான் கூடாது, மெல்லக் கூடாதுன்னு எவன் சொன்னான்? நீங்க எந்தப் பக்கம்? கடலோரமா! அதான் மலையைப் பாத்து மெரள்றீங்க.

இன்னொரு வேலையும் உண்டு எனக்கு, அது டிவில காட்டமாட்டாங்க. தலைவனுக்கு ஒண்ணுக்கு வந்துடும். நின்னு போக நேரமில்ல. அப்ப ஓட்டிக்கிட்டே ஒரு பக்கமா சாஞ்சு போவான், அவன் இடுப்புல கை வெச்சுத் தள்ளிக்கிட்டே பக்கத்துல ஒருத்தன் வரணும். யாரு? மெத்தைதான். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு முன்னாடியே பாத்து நிக்கத் தெரியணும். முதல் வருஷம் எனக்குத் தெரியல. அதுக்கு மேல வேண்டாம், நீங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கீங்க.

அவ எப்படி என்னைக் கட்டிக்கிட்டான்னா கேக்கறீங்க? இந்த ரோட்டுலதான் தம்பி. அப்ப நான் உள்ளூர் கிளப்புல ஓட்டற பையன். புது சைக்கிள், புது ஷூ, தலைல எண்ணெய். மூணாவது வளைவுல உயிர் போகுது, பின்னால ஒரு கிரீச் கிரீச் சத்தம். திரும்பறதுக்குள்ள ஒரு பொண்ணு என்னைத் தாண்டிப் போறா. பாவாடை, தலைல துணி, பின்னால கேரியர்ல ரெண்டு சாக்கு ரொட்டி. மேல மேய்ச்சக் காட்டுல சீஸ் காய்ச்சற ஆளுங்களுக்கு ரொட்டி கொண்டுபோறது அவ வேலை. என்னைப் பாத்து, ஏங்க, பிரேக் மாட்டிக்கிச்சா, இறங்கிப் பாக்கட்டுமான்னு கேட்டா. நெசமாவே உதவி பண்ணக் கேக்கறான்னு நெனச்சு நான் சைக்கிளை நிறுத்தி பிரேக்கைப் பாத்தேன். அவ சிரிச்ச சிரிப்பு உச்சி வரைக்கும் கேட்டுச்சு.

இல்ல, சும்மா சொல்லல. என்னை விட நல்லா ஏறுவா. அப்பவும், இப்பவும். லாம்பேர விடவே நல்லா ஏறுவாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை அவன்கிட்ட ஒரு நாளும் சொல்லல, சம்பளம் போயிடும்.

அவ கிளப்புல போய்ப் பந்தய லைசென்ஸ் கேட்டா தம்பி. சும்மா இல்ல, தலை வாரி, நல்ல கோட்டு போட்டு, பேரெல்லாம் சொல்லி முறையாத்தான் கேட்டா. கிளப் தலைவர் கொம்பெல்னு ஒரு கறிக்கடைக்காரர். அவர் சைக்கிள்ல உக்காந்தா சைக்கிளே கண்ணுக்குத் தெரியாது. அவர் சொன்னாரு, பாப்பா, ஓட்டறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு, சாண்ட்விச் போடத்தான் ஆள் இல்லன்னு. சரிங்கன்னா. ஞாயித்துக்கிழமை வந்தா, எல்லாருக்கும் சாண்ட்விச் போட்டா. கொம்பெலுக்குப் போட்டதுல மட்டும் பன்னிக்கறிக்கு நடுவுல பழைய டியூபுல ஒரு துண்டு அறுத்து, கடுகுச் சாந்து தடவி வெச்சுட்டா. அந்த மனுஷன் அரைப் பந்தயம் அதை மென்னாரு தம்பி. கொஞ்சம் கெட்டியா இருக்கு, ஆனா ருசின்னாரு. கறிக்கடைக்காரரு சொல்றாரு!

அதோட சரி. அதுக்கப்புறம் அவ லைசென்ஸ் கேக்கல. நான் மெத்தைக் கம்பெனிக்குப் போனேன், கட்டிக்கிட்டோம், ஜூலை மாசம் வந்தா நான் டூருக்குப் போவேன், அவ பின்னாலயே வருவா. ஓட்டலுக்குக் காசு கெடையாது, கூடாரம்தான். மலைப் பந்தயம்னா விடிஞ்சதும் கிளம்பி, எனக்குச் சாப்பாட்டுப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, எங்களுக்கு முன்னால சைக்கிள்ல உச்சிக்குப் போய் நின்னுக்கணும்னு பாப்பா. ஒரு மலைலயாவது முழுசா ஏற விட்டாங்களா? ஒவ்வொரு மலைலயும், அடியிலயோ பாதியிலயோ, உங்கள மாதிரி ஒருத்தர் நிப்பாரு. அம்மா, இறங்கித் தள்ளிட்டுப் போங்க. பிரனீஸ் மலைலயும் அதே, ஆல்ப்ஸ் மலைலயும் அதே. அவ தள்ளிக்கிட்டு நடக்கறப்ப பக்கத்துல விளம்பர வண்டிங்க போகும். சாசேஜ் மாதிரி ஒரு காரு, சீஸ் மாதிரி ஒரு காரு, பெரிய பாட்டில் ஒண்ணு சக்கரம் வெச்சு. ஒரு தடவை நான் உச்சிக்கு வந்தப்ப பையை எங்கிட்ட வீசிட்டுக் கத்தினா, ஏண்டா, சாசேஜ் ஏறலாம், நான் ஏறக் கூடாதான்னு. என்னைத்தான் கேட்டா. நான் என்ன பண்ணுவேன், நான் அப்ப மூச்சு விடவே கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தேன். அவ தள்ளிக்கிட்டுப் போனப்ப அந்த சாசேஜ் காரு ஓட்டறவன் கையாட்டினானாம் வேற. அவ அவன் மேல வீசினது வாழைப்பழம். எனக்குன்னு கொண்டுவந்தது.

உங்க இடுப்புல இருக்கற அந்த வயர்லெஸ் பெட்டிலயா சத்தம்? விடுங்க, அவங்களுக்குள்ள ஏதோ பேசிக்கறாங்க. உங்களக் கூப்பிட்டா பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாங்களா?

நம்ம ஊரு கதையை நான் இன்னும் சொல்லலயே! உங்க ஆளுங்க சம்பந்தப்பட்டது. கேட்டுத்தான் ஆகணும்.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு தம்பி. பந்தயம் ஒருத்தனோட சொந்த ஊரு வழியா போச்சுன்னா, மந்தை அவனை முன்னால விட்டுடும். போடா, போய் உங்க வீட்டு ஆளுங்களுக்கு முத்தம் குடுத்துட்டு வாடான்னு. அவன் ரெண்டு நிமிஷம் முன்னால போவான், நிப்பான், பொண்டாட்டி கன்னத்துல ஒண்ணு, அம்மா கன்னத்துல ஒண்ணு, அதுக்குள்ள மந்தை வந்துடும், ஏறிக்கிட்டு சேந்துக்குவான். இதுல எவனும் திருட்டுத்தனம் பண்ணமாட்டான். பண்ணினா அப்புறம் அவனுக்கு சாகற வரைக்கும் தண்ணி குடுக்க ஆள் இருக்காது.

ஒரு வருஷம் கீழ பள்ளத்தாக்கு ரோடு வழியா, நம்ம ஊருக்குள்ளயே வந்துச்சு. அந்த ஹாலந்துக்காரனே என் முதுகுல தட்டி, போ மெத்தைன்னான். போனேன். சர்ச் வாசல்ல பாத்தா, தம்பி, ஊரே நிக்குது. பேண்டு வாத்தியம். மேசை. மேசை மேல ஜன்சியான் பாட்டிலு. மலை வேர்ல காய்ச்சற சாராயம், கசப்பு, ஒரு கிளாஸ் குடிச்சா ரெண்டு ரோடு தெரியும். நடுவுல மேயரு, குறுக்கால அந்த மூவர்ணப் பட்டையைக் கட்டிக்கிட்டு. நான் ஒதெத்தைப் பாத்து ஓடறேன், மேயரு என் கையைப் புடிச்சுட்டாரு. புடிச்சவரு விடல. பேச ஆரம்பிச்சுட்டாரு. இந்த மண்ணின் மைந்தன், இந்தப் பாறையின் பிள்ளைன்னு போகுது. தேர்தல் வருஷம் வேற. நடுவுல ஒரு கன்னுக்குட்டியைக் கொண்டுவந்து, ரிப்பன் கட்டி, கயித்தை என் கைல குடுத்துட்டாங்க. ஊரோட பரிசு. ஒரு கைல மேயரு, ஒரு கைல கன்னுக்குட்டி. சைக்கிள் எங்கன்னு பாத்தா பாதிரியார் அதுக்கு மந்திரிச்சுத் தண்ணி தெளிச்சுக்கிட்டிருக்காரு.

அப்பதான் மந்தை வந்துச்சு. சர்ருனு. நூத்துச்சொச்சம் சைக்கிளு, அத்தனை காரு, ஹாரனு. மேயரு பேச்சை நிறுத்தி, யாருப்பா அது சத்தம் போடறது, ஒரு மரியாதை வேண்டாமான்னாரு! சத்தியமா தம்பி. லாம்பேர் போறப்ப என்னைப் பாத்து வாயைப் பொளந்துட்டான். அவனுக்கு அன்னைக்கு ஒண்ணுக்கு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பானோ. காரெல்லாம் போச்சு. கடைசியா அந்தத் துடைப்பம் கட்டின வேன் வரும், முடியாதவங்களப் பொறுக்கி ஏத்திக்கிட்டுப் போக. அது வந்து எனக்குப் பின்னாலயே நின்னு ஹாரன் அடிக்குது.

ஒதெத்துதான் கன்னுக்குட்டியைப் புடுங்கி மேயர் கைல குடுத்தா. ஏறுடான்னா. பேச்சுக்கு நடுவுல வாயில ஊத்தி விட்டதுல எனக்கு நாலு கிளாஸ் ஜன்சியான் உள்ள இறங்கியிருக்கு. ஏறிட்டேன். பாத்தா அவ அவளோட சைக்கிளை எடுத்துக்கிட்டு எனக்கு முன்னால வந்துட்டா. என் பின்சக்கரத்தை ஒட்டிக்கடா அர்மான், தலையைத் தூக்காதேன்னா. தம்பி, நான் எத்தனையோ பேரு முதுகுக்குப் பின்னால ஓட்டியிருக்கேன். அந்த மாதிரி ஒரு முதுகு இல்ல. பூப்போட்ட கவுனு, காத்துல படபடன்னு அடிக்குது, எனக்கு மேல ஒரு துளி காத்து படல. எதிர்க்காத்து நாள் அது. ஆறு ஏழு கிலோமீட்டர் போனோம். வேனு எங்களத் துரத்த முடியாம பின்தங்குது. வளைவு தாண்டினா மந்தையோட வால் தெரியுது! கடைசி காரோட பின்பக்கம் தெரியுது! நான் அழறேன், சிரிக்கறேன், எனக்கே தெரியல.

என்ன ஆச்சா? பாலத்துக்கிட்ட ஒரு போலீஸ்காரரு. மீசை, தொப்பை, நல்ல மனுஷன்தான். ரோட்டு நடுவுல வந்து கையைக் காட்டிட்டாரு. எனக்கு இல்ல. அவளுக்கு. அம்மா, பந்தய ரோடு இது, இறங்கித் தள்ளிட்டுப் போங்க.

இறங்கிட்டா. வேற என்ன பண்ணுவா. என்னைப் பாத்து, நீ போடான்னு கத்தினா. நான் போனேன். காத்து முழுசா மூஞ்சில வந்து அடிச்சுது. மந்தையோட வால் அப்படியே தேஞ்சு மறைஞ்சுபோச்சு. நேரக் கெடு தாண்டித்தான் போய்ச் சேந்தேன், முதுகுல இருந்த நம்பரைப் பிச்சு எடுத்துப் பந்தயத்தை விட்டே அனுப்பிட்டாங்க. பேப்பர்ல மேயரோட பேச்சு பத்தி எழுதினாங்க, கன்னுக்குட்டி போட்டோ வந்துச்சு. மேயரு தேர்தல்ல ஜெயிச்சாரு. பாலத்துல நடந்ததை எவனும் எழுதல.

இல்ல தம்பி, உங்களக் குத்திக் காட்டல. அது வேற போலீஸ்காரரு. இன்னொரு துண்டு எடுத்துக்கோங்க.

ஜெயிச்சது? ஒரு தடவை ஜெயிச்சிருக்கேன். சொன்னா நம்பமாட்டீங்க. டூர் முடிஞ்சதும் ஊர் ஊரா திருவிழாப் பந்தயம் நடக்கும்ல, சர்ச்சைச் சுத்திச் சுத்தி வர்றது. அதுல யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே சாப்பாட்டு மேசைல பேசி முடிச்சுடுவோம். ஜனங்க வேடிக்கை பாக்க வர்றாங்க, பெரிய ஆளு ஜெயிச்சாத்தான் அவங்களுக்கு சந்தோஷம். அந்த வருஷம், பாவம் மெத்தை, சொந்த ஊரே அவனைக் காலி பண்ணிடுச்சு, நம்ம டவுன் பந்தயத்தை அவன் ஜெயிக்கட்டும்னு முடிவு பண்ணினாங்க. நான் என்ன பண்ணினேன்? கடைசிச் சுத்துல, ரொட்டிக் கடை முனைல, தனியா, எவனும் தொடாம, வழுக்கி விழுந்தேன். செயினு கழண்டுபோச்சு. நான் செயினை மாட்டிக்கிட்டிருக்கேன், மந்தைக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஒருத்தன் பெடல்ல கால் வழுக்கற மாதிரி நடிக்கறான். ஒருத்தன் தொப்பியை விட்டுட்டு எடுக்கப் போறான். அந்த ஹாலந்துக்காரன் இருக்கானே, அவன் அப்படியே ரோட்டுக்குக் குறுக்கால வளைஞ்சு வளைஞ்சு ஓட்டறான், கல்யாண வீட்டுல குடிச்சவன் மாதிரி. லாம்பேருக்கு மட்டும் ஞாபகம் இல்ல, அவன் பாட்டுக்கு முடிவுக் கோட்டைப் பாத்துப் போறான், ரெண்டு பேரு சட்டையைப் புடிச்சு இழுத்து வெச்சாங்க. நான் வந்தேன், முழங்கால்ல ரத்தம், கையைத் தூக்கிக்கிட்டே கோட்டைத் தாண்டினேன். ஊரே கத்துது. ஒதெத் மட்டும் ரோட்டோரமா உக்காந்துட்டா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு. சிரிச்சு சிரிச்சு அவளுக்கு எழுந்திரிக்க முடியல.

அதான் என் வாழ்க்கை. அப்புறம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். ரொம்ப மெதுவா ஓட்டறேன்னு பெத்தவங்க புகார் குடுத்தாங்க. பழக்கதோஷம்.

ஆமா, அவ கதைதான் பாக்கி. டூர் இந்தக் கழுதைமுதுகுல இதுவரைக்கும் வந்ததே இல்ல தம்பி. இதான் முதல் தடவை. ஜனவரில அறிவிச்சப்ப அவ கோழிக்கு இரை போட்டுக்கிட்டிருந்தா, நான்தான் போய்ச் சொன்னேன். அப்படியான்னா. அவ்வளவுதான். ஆனா மறுநாள்லேர்ந்து முட்டைகோஸ் வாங்கறேன்னு தினமும் கழுதைமுதுகு ஏறிப் போறா. எங்க வீட்டுல ரெண்டே பேரு, எவ்வளவு முட்டைகோஸ்தான் திங்கறது? நான் தின்னேன். போன வாரம் செயினுக்கு எண்ணெய் விட்டா, புது டயர் மாட்டினா, என்னைத் தொடவே விடல. இன்னைக்குக் காலைல பூப்போட்ட கவுனைப் போட்டுக்கிட்டா. வந்தோம். நீங்க கையைக் காட்டினீங்க. அவ சத்தமே இல்லாம இறங்கினா பாருங்க, அப்ப நீங்க பயப்படல. பயந்திருக்கணும். அவ எதுக்குமே சத்தமில்லாம இறங்கறவ இல்ல.

உங்களத்தான் கூப்பிடறாங்க இப்ப. எடுங்க, எடுங்க. நான் ஏன் தடுக்கறேன்?

என்னவாம்? யாரு? நாலாவது வளைவுல ஒரு அம்மாவா... பூப்போட்ட கவுனு... எப்படி உள்ள வந்தாங்கன்னா கேக்கறாங்க?

கூசெத் தொழுவத்துக்குப் பின்னால மாடு ஓட்டிக்கிட்டுப் போற வழி ஒண்ணு இருக்கு தம்பி. முதல் வளைவு தாண்டி ரோட்டுல வந்து சேரும். காப்பி குடிக்கறதுக்கு அவ அங்க போகல. கூசெத் போடற காப்பியை நாய் குடிக்காது. நேத்து சூப்பு குடிக்கறப்ப சொன்னா, அர்மான், அந்த லாம்பேருக்காக நீ ஊர்ல இருக்கறவனையெல்லாம் மறிச்ச, எனக்காக ஒருத்தனை மறிப்பியான்னு. போலீஸ்காரங்கள மறிச்சு எனக்குப் பழக்கம் இல்லடின்னேன். நீ பாட்டுக்குப் பேசு, நீ வாயத் திறந்தா எவனும் நகர மாட்டான்னா.

கோவப்படாதீங்க. மூஞ்சி சிவந்துபோச்சு உங்களுக்கு. நான் உங்க கையைப் புடிச்சேனா? சாசேஜ் குடுத்தேன், கதை சொன்னேன். இதைவிட மரியாதையா நான் எவனையும் மறிச்சதே இல்ல.

சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க, இறக்கச் சொல்லுங்க. ஆனா அஞ்சாவது வளைவுல நம்ம ஊரே நிக்குது. பேண்டு வாத்தியம் உட்பட. அவங்களத் தாண்டி எந்த அதிகாரி வந்து அவளை இறக்கறான்னு நானும் பாக்கறேன்.

என்ன சொல்றாரு உங்க மேலதிகாரி? ...அவளுக்கு வழி விட்டுட்டாங்களா?

என்னது, பேரா? பேரு கேக்கறாங்களா? உச்சில மைக்குல அறிவிக்கணுமாமா?

ஒதெத் வேசாத்னு சொல்லாதீங்க தம்பி. வேசாத் நான், அந்தப் பேருல ஓட்டினது போதும். ஒதெத் ஷபனோன். அவ பொறந்த வீட்டுப் பேரு, லைசென்ஸ் கேக்கப் போனப்ப அதைத்தான் சொன்னா. ஷபனோன். ஆங், அதேதான். இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, அங்க ஜனங்க கத்தற கத்தல்ல அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது.